திருப்பதி நடுவூருக்குள் வரும் கார்களுக்குக் கட்டணம்: முதலில் பஸ் வரட்டுமா?

நகரித் தறிக்காரர்:

திருப்பதி நடுவூருக்குள் காரில் வருகிறவர்களிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ரயில் நிலையம், கோவிந்தராஜ சுவாமி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள், காந்தி ரோடு, அங்கிருந்து லீலா மகால் சந்திப்பு வரையிலான தெருக்களைத்தான் நடுவூர் என்கிறேன். தேர் ஓடவும் மக்கள் நடக்கவும் அமைந்த தெருக்கள் இவை. சனிக்கிழமையோ விடுமுறையோ வந்துவிட்டால் மூன்று மாநிலத்துக் கார்கள் இருபுறமும் நின்றுவிடுகின்றன. நடுவில் மிஞ்சுகிற சந்தில் பஸ், ஆட்டோ, தள்ளுவண்டி, தலையில் மூட்டையோடு நடப்பவர் என எல்லோரும் முட்டி மோதிக்கொள்கிறோம். வெளியூர் யாத்திரிகருக்கு அது ஒருநாள் தொல்லை. ஆந்திர எல்லையோரத்தில் நகரி, புத்தூர், சித்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழர்களுக்குக் கல்லூரி, பெரிய ஆஸ்பத்திரி, மொத்தக் கடை எல்லாம் திருப்பதியில்தான். நாங்கள் வாரந்தோறும் இதில் மாட்டிக்கொள்கிறோம்.

ஆனால் ஒரு நிபந்தனை. கட்டணச் சாவடிக்கு முன் பஸ் வர வேண்டும்.

இதற்கு நான் வெளிநாட்டைக் காட்ட வேண்டியதில்லை. திருமலை அடிவாரத்து அலிபிரியே போதும். மலைக்குப் போகும் கார் அங்கே நின்று, சோதனை முடிந்து, கட்டணம் செலுத்திய பிறகுதான் ஏறுகிறது. யாரும் அதை அநியாயம் என்று கொடி பிடிப்பதில்லை. ஏனென்றால் கார் இல்லாதவனுக்கு அதே மலைக்கு ஆந்திர அரசின் ஆர்டிசி பஸ் விடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2022 முதல் மின்சார பஸ்ஸும் ஓடுகிறது. பஸ்ஸும் வேண்டாம் என்றால் அலிபிரிப் படி வழியாகவோ ஸ்ரீவாரி மெட்டு வழியாகவோ நடந்து ஏறலாம். மேலே போய்ச் சேர்ந்தால் தேவஸ்தானத்தின் இலவச பஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. மலைக்கு இந்த ஏற்பாட்டைச் செய்ய முடிந்த நம்மால் மலையடிவாரத்து ஊருக்கு ஏன் செய்ய முடியாது?

திருத்தணிப் பூ வேன்:

அண்ணா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் இதை ஒப்புக்கொள்ள முடியாது. நான் பூ ஏற்றிக்கொண்டு வருகிறவன். வண்டிக்குச் சாலை வரி கட்டியாகிவிட்டது. மாநிலம் தாண்டி ஓட்ட பர்மிட்டுக்குத் தனியாகக் கட்டுகிறேன். வழியில் சுங்கச்சாவடி. டீசலிலேயே வரி இருக்கிறது. இத்தனைக்கும் மேல் ஊருக்குள் நுழைய இன்னொரு கட்டணமா? மல்லிகை ஒரு மணி நேரம் தாமதமானால் மொட்டு விரிந்துவிடும், அரை விலைக்குக் கேட்பார்கள். பஸ்ஸில் போ என்று பூக்கூடையிடம் சொல்ல முடியுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். கட்டணம் என்றால் பணம் உள்ளவன் கட்டிவிட்டு ஜம்மென்று போவான். இல்லாதவன் வெளியே நிற்பான். சாலை எல்லோருக்கும் பொதுவானது.

புத்தூர் ஆசிரியை:

தம்பி, சாலை பொது என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இப்போது அந்தப் பொதுச் சாலையை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு பஸ் இரண்டு மூன்று கார்களின் இடத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அதில் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள், அதற்கு மேல் நிற்பார்கள். பக்கத்தில் நிற்கும் காரில் ஓட்டுபவரும் இன்னொருவரும் இருப்பார்கள். சிக்னலில் இரண்டும் ஒரே நேரம் காத்திருக்கின்றன. "இல்லாதவன் வெளியே நிற்பான்" என்கிறீர்கள். இல்லாதவன் ஏற்கெனவே பஸ்ஸில்தான் நிற்கிறான், காருக்குப் பின்னால்.

திருப்பதி பஸ் நிலையத்தில் மாலை நேரம் புத்தூர், நகரி வண்டி உள்ளே திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டு, கைப்பை, தண்ணீர் பாட்டில், குழந்தையின் செருப்பு வரைக்கும் உள்ளே விழும், இடம் பிடிக்க. கதவருகே இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டிருப்பார்கள். புத்தூருக்கு எலும்புக் கட்டுப் போட வருகிற வெளியூர்க்காரர் சிலரும் அந்த வண்டியில்தான் ஏற வேண்டும். கட்டுப் போட்ட கையைக் கழுத்தோடு துணியில் தொங்கவிட்டபடி ஒரு பெரியவர் கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் தூணோரம் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். நடத்துநர் நல்ல மனிதர், கீழே இறங்கி வந்து அவரை முன்கதவால் ஏற்றினார். எல்லா நாளும் அப்படி ஒருவர் கிடைக்க மாட்டார்.

2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திரத்தில் பெண்களுக்கு பஸ்ஸில் கட்டணம் இல்லை. பல்லெவெலுகு எனும் கிராமத்து பஸ்களிலும் எக்ஸ்பிரஸ் வண்டிகளிலும் அடையாள அட்டையைக் காட்டினால் பூஜ்ய டிக்கெட் தருகிறார்கள். என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு அது பெரிய உதவி, மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஏறுகிறவர் கூடிய அளவுக்கு எங்கள் வழியில் பஸ் கூடவில்லை. டிக்கெட் இலவசமாகக் கிடைத்தும் ஏற இடம் இல்லாவிட்டால் ஒருவர் என்ன செய்வார்? ஸ்கூட்டி வாங்குவார். அடுத்து வீட்டுக்காரர் கார் வாங்குவார். அப்படித்தான் நடுவூர் நிரம்பியது.

சத்தியவேட்டிலிருந்து லண்டன்:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் இருக்கும் ஊரில் இந்தக் கட்டணம் இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

லண்டனில் 2003 பிப்ரவரி 17 அன்று தொடங்கினார்கள். அப்போது மேயராக இருந்தவர் கென் லிவிங்ஸ்டன். வார நாளில் பகல் நேரத்தில் நடு லண்டனுக்குள் கார் ஓட்டினால் நாளொன்றுக்கு 5 பவுண்டு. ஒருமுறை கட்டினால் அன்று முழுவதும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். சாவடி கிடையாது, தடுப்புக் கம்பம் கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படித்துக்கொள்ளும், கட்டாதவர் வீட்டுக்கு அபராதக் கடிதம் வரும். அந்த 5 பவுண்டு படிப்படியாக ஏறி 2026 ஜனவரியில் 18 பவுண்டு ஆகிவிட்டது.

நகரி அண்ணன் சொல்லும் நிபந்தனைக்கு வருகிறேன். கட்டணம் தொடங்கிய அதே நாளில் ஏறக்குறைய 300 கூடுதல் பஸ்களை விட்டார்கள். கட்டணத்தில் மிஞ்சும் பணத்தைப் போக்குவரத்துக்குத்தான் செலவிட வேண்டும் என்று 1999ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். முதல் ஆண்டுகளில் உள்ளே வரும் வண்டிகள் 18 சதவீதம் குறைந்தன, நெரிசலில் ஏற்படும் தாமதம் 30 சதவீதம் குறைந்தது. வண்டிகள் குறைந்ததைவிடத் தாமதம் அதிகமாகக் குறைந்திருப்பதைக் கவனியுங்கள். சாலை விளிம்பு வரை நிரம்பியிருக்கும்போது ஐந்தில் ஒரு வண்டி விலகினாலே மற்றவை நகரத் தொடங்கிவிடும். எல்லோரும் காரை விட வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளில் நெரிசல் திரும்பிவிட்டது. சாலையைத் தோண்டும் வேலைகள் பெருகின, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் இடம் ஒதுக்கியதில் கார் ஓடும் அகலம் குறைந்தது, செல்பேசியில் அழைக்கும் வாடகைக் கார்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. அந்த வாடகைக் கார்களுக்கு 2019 வரை கட்டணமே இல்லை. விலக்கு கொடுத்த இடத்தில்தான் ஓட்டை விழுந்தது. திருப்பதியில் ஒருநாள் கட்டணம் வந்தால் யாத்திரைக் கார்களை வாடகைக்கு விடுகிறவர்கள் முதலில் விலக்குக் கேட்பார்கள். கொடுத்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

ஏகாம்பரகுப்பம் பழைய டிரைவர்:

லண்டன் தம்பி சொன்னது சரி. எனக்குத் தெரிந்தது சிங்கப்பூர். அங்கே லாரி ஓட்டிப் பிழைத்தவன் நான். கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி பொருத்தியிருக்கும், அதில் பண அட்டையைச் செருகி வைக்க வேண்டும். சாலைக்கு மேலே இரும்பு வளைவு. அதன் கீழே போனதும் பெட்டி ஒரு சத்தம் கொடுக்கும், பணம் போய்விட்டது என்று பொருள். நிற்க வேண்டியதில்லை, வேகம் குறைக்க வேண்டியதில்லை. லண்டன் போல நாள் கணக்கு கிடையாது, ஒவ்வொரு வளைவுக்கும் தனித்தனி, அதுவும் நேரத்துக்கு நேரம் மாறும். காலை நெரிசலில் அதிகம், பிறகு குறைவு, சில நேரத்தில் ஒன்றும் இல்லை. எங்கள் முதலாளி அதைப் பார்த்துத்தான் சரக்கு இறக்கும் நேரத்தையே மாற்றினார். பூ வேன் தம்பி இதைக் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் வருகிறவருக்கு நெரிசலில் பங்கு இல்லை, அவரிடம் வாங்கவும் கூடாது.

ஆரம்பத்தில் கட்டணம் குறையும் நிமிடம் வரும்வரை சிலர் வளைவுக்கு முன்னால் ஓரம்கட்டிக் காத்திருப்பார்களாம், அதுவே ஒரு நெரிசலாகிவிட்டது. பிறகுதான் கட்டணத்தைச் சில நிமிடங்களுக்குச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்கினார்கள்.

அங்கே இது 1998இல் வந்த ஏற்பாடு. அதற்கும் முன்பு 1975 ஜூனிலேயே காகிதச் சீட்டு முறையில் தொடங்கிவிட்டார்கள், காலையில் ஊருக்குள் நுழைய நாளுக்கு 3 வெள்ளி, அதாவது 3 சிங்கப்பூர் டாலர். உலகத்தில் முதலில் இதைச் செய்தவர்கள் அவர்கள்தான். அப்போது நாலு பேர் ஏறிய காருக்குக் கட்டணம் இல்லை. ஊர் எல்லையில் பெரிய பெரிய நிறுத்தங்கள் கட்டி, காரை அங்கே விட்டுவிட்டுச் சிற்றுந்தில் வாருங்கள் என்றார்கள். அது எடுபடவில்லை. வீட்டிலிருந்து காரில் கிளம்பி, பாதியில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. வீட்டருகே பஸ் ஏறியவர்கள் கடைசி வரை பஸ்ஸிலேயே வந்தார்கள். திருப்பதிக்கு வெளியே பெரிய நிறுத்தம் கட்டினால் தீர்ந்தது என்று பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். யாத்திரிகருக்கு அந்த நிறுத்தம் பயன்படலாம், ஏனென்றால் அவர் ஒருமுறை நிறுத்திவிட்டு இரண்டு நாள் எடுக்க மாட்டார். நம் ஊர்க்காரனுக்கு நகரியிலேயே பஸ் கிடைக்க வேண்டும்.

திருத்தணிப் பூ வேன்:

டிரைவர் ஐயா, நேரத்துக்கு ஏற்றபடி என்றால் அது வேறு பேச்சு. ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லாதது வாங்குகிற பணத்தின் மேல்தான். லண்டனில் சட்டத்தில் எழுதினார்கள் என்கிறீர்கள். இங்கே வாங்குகிற பணம் பொதுக் கணக்கில் போய்ச் சேரும், அடுத்த ஆண்டு பஸ் எங்கே என்று கேட்டால் நிதி இல்லை என்பார்கள். மான்செஸ்டரில் பெரிய தொகையில் ரயிலும் டிராமும் பஸ்ஸும் தருகிறோம், பதிலுக்குக் கட்டணம் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று 2008இல் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். ஐந்தில் நாலு பேர் வேண்டாம் என்று போட்டார்கள். அங்கேயே மக்கள் நம்பவில்லை.

சத்தியவேட்டிலிருந்து லண்டன்:

மான்செஸ்டர் உண்மைதான். அதற்குப் பதில் ஸ்டாக்ஹோம். அங்கே வாக்குறுதி கொடுத்து வாக்குக் கேட்கவில்லை. 2005 ஆகஸ்டில் புதிய பஸ்களை ஓட விட்டார்கள். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை கடைசி வரை கட்டணத்தைச் சோதனையாக வாங்கிப் பார்த்தார்கள். போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள், நெரிசல் திரும்பி வந்ததையும் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் செப்டம்பரில் வாக்கெடுப்பு. நகரத்தவர் பெரும்பான்மையோர் வேண்டும் என்றார்கள், 2007 ஆகஸ்டில் நிரந்தரமாக்கினார்கள்.

ஆனால் நம் எல்லைப்புறத்துக்கு முக்கியமானது இதுதான்: சுற்றியிருந்த சிற்றூர்கள் பலவும் தாங்களாகவே வாக்கெடுப்பு நடத்தின. அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் வேண்டாம் என்பதே அதிகம். உள்ளே இருப்பவருக்குத் தெரு காலியாகிறது, வெளியே இருந்து வருபவருக்குச் செலவு கூடுகிறது. அந்த வெளியூர்கள் சொன்னதை அரசு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பதி மாநகராட்சி முடிவெடுத்தால் நகரிக்காரருக்கு அங்கே வாக்கு இல்லை, திருத்தணிக்காரருக்கு அந்த மாநிலத்திலேயே வாக்கு இல்லை.

சித்தூர் கோர்ட் வக்கீல்:

சட்டப் பக்கம் சுருக்கமாக. சாலைச் சுங்கம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் 59ஆவது இனம். ஆகவே மாநில அரசு சட்டம் இயற்றி இதைக் கொண்டுவர முடியும். வேறு மாநில வண்டியிடம் மட்டும் வாங்குவேன் என்றால் கோர்ட்டில் நிற்பது கடினம். எல்லா எண்ணுக்கும் ஒரே விதி இருக்க வேண்டும். வசூலிக்கும் வழி இப்போது சுலபம். ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் கட்டாயம், அலிபிரியிலும் அதுதான்.

கடினமான பகுதி பஸ். மாநிலம் தாண்டும் பஸ்ஸை ஆர்டிசி நினைத்தவுடன் கூட்ட முடியாது. எந்த வழியில் எத்தனை வண்டி, எத்தனை கிலோமீட்டர் என்று இரு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். திருத்தணியிலிருந்து திருப்பதிக்குக் கூடுதலாக பஸ் வேண்டுமென்றால் அமராவதியும் சென்னையும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். இலவசப் பயணமும் எல்லையில் அறுந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இலவசம் என்பது சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு. ஆந்திரத் திட்டத்தில் மாநிலம் தாண்டும் பஸ் சேராது. ஆகவே திருத்தணிப் பெண் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வர முழு டிக்கெட் எடுக்கிறார். 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனபோது கோடு போட்டவர்கள் தாலுகாவைப் பிரித்தார்கள். மக்களின் போக்குவரத்து அன்றுபோலவே இன்றும் தொடர்கிறது.

ரேணிகுண்டா சீசன் டிக்கெட்:

எல்லோரும் பஸ் பஸ் என்கிறீர்கள், தண்டவாளத்தை ஒருவரும் சொல்லவில்லை. அரக்கோணம், திருத்தணி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், ரேணிகுண்டா, திருப்பதி எல்லாம் ஒரே பாதை. சென்னை மின்சார ரயில் திருத்தணி வரை வந்து நின்றுவிடுகிறது. அங்கிருந்து திருப்பதி வரைக்கும் காலையிலும் மாலையிலும் குறுந்தூர ரயில் கூடுதலாக ஓடினால் காரைப் பற்றிய பேச்சே பாதி குறையும். திருப்பதி நிலையம் நடுவூரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெளியே வந்து தெருவைக் கடந்தால் கோவிந்தராஜர் கோயில் குளம். இதைவிட நல்ல இடத்தில் எந்த ஊருக்கு நிலையம் அமைந்திருக்கிறது? ரயில்வே மத்திய அரசு, மாநில எல்லை அதற்குத் தடையும் இல்லை.

புத்தூர் ஆசிரியை:

சீசன் டிக்கெட் ஐயா சொல்வதை முழுமனதாக ஏற்கிறேன். ஒரே குறை, காலை ரயில் தவறினால் அடுத்தது எப்போது என்பதுதான். அடிக்கடி ஓடினால்தான் ஆள் நம்பி நிற்பார். நேர அட்டவணையைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடிகிற நாளில்தான் கார் வைத்திருப்பவர் அதை வீட்டில் விடுவார்.

பாலக்காடு கொழிஞ்சாம்பாறை:

நான் உங்கள் பக்கம் இல்லை, கேரள எல்லையில் இருக்கும் தமிழன். நம்பிக்கை பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் நெடுஞ்சாலை 544இல் திருச்சூர் அருகே பாலியேக்கரை சுங்கச்சாவடி இருக்கிறது. அடிப்பாதை வேலை என்று தோண்டிப் போட்டு, வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன, சுங்கம் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்திவைத்தது. போக முடியாத சாலைக்கு மக்கள் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் அதன் சாரம். நெடுஞ்சாலை ஆணையம் உச்ச நீதிமன்றம் போயிற்று, அங்கேயும் தள்ளுபடி. வேலைகள் ஓரளவு சீரான பிறகு அக்டோபரில்தான் மறுபடி வாங்க விட்டார்கள்.

பூ வேன் நண்பருக்குச் சொல்கிறேன்: வாங்குகிற பணத்துக்கு வேலை நடக்காவிட்டால் நிறுத்தலாம் என்று இப்போது கோர்ட்டே காட்டிவிட்டது. கட்டணச் சட்டத்திலேயே அதை எழுதச் சொல்லுங்கள். பஸ் எண்ணிக்கை குறைந்தால் அந்த மாதம் வசூல் கிடையாது என்று.

காளஹஸ்தி கல்லூரி மாணவன்:

அண்ணன்மார்களே, இரு சக்கர வண்டிக்கும் கட்டணமா? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பைக்கில்தான் வருகிறார்கள்.

ஏகாம்பரகுப்பம் பழைய டிரைவர்:

சிங்கப்பூரில் பைக்குக்கும் உண்டு. லண்டனில் இல்லை என்று நினைக்கிறேன், தம்பி சொல்லட்டும். நம் ஊரில் பைக்கைத் தொட்டால் திட்டமே கவிழ்ந்துவிடும், தொடவும் வேண்டாம். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறேழு பைக் நிற்கும்.

சத்தியவேட்டிலிருந்து லண்டன்:

ஆமாம் ஐயா, லண்டனில் மோட்டார் சைக்கிளுக்கு இல்லை. மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருப்பவருக்கும் இல்லை. நியூயார்க்கில் 2025 ஜனவரி 5 முதல் 9 டாலர் வாங்குகிறார்கள், அங்கே குறைந்த வருமானம் உள்ளவருக்குப் பாதிச் சலுகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பணத்தைக் காட்டித்தான் சுரங்க ரயிலுக்குக் கடன் திரட்டுகிறார்கள்.

நகரித் தறிக்காரர்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயத்தில் என் கருத்து இன்னும் உறுதியாகிவிட்டது.

ஊட்டியையும் கொடைக்கானலையும் ஒருவரும் சொல்லவில்லை. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவில் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கையே நிர்ணயித்தார்கள்: ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அரசு பஸ்ஸுக்கு பாஸ் தேவையில்லை, உள்ளூர் வண்டிக்கும் தேவையில்லை. பணம் கொடுத்தும் அந்த எண்ணிக்கையைத் தாண்ட முடியாது. "பணம் உள்ளவன் ஜம்மென்று போவான்" என்ற பூ வேன் தம்பியின் கேள்விக்கு இது ஒரு பதில். ஆனால் திருப்பதிக்கு இது பொருந்தாது என்றே நினைக்கிறேன். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த பக்தரைப் பாஸ் தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்ப நமக்கு மனம் வராது, வரவும் கூடாது. கட்டணம் என்றால் அவர் காரை வெளியே நிறுத்திவிட்டு பஸ்ஸில் உள்ளே வரலாம், தரிசனம் தவறாது.

ஆஸ்பத்திரி வழியைக் கட்டண எல்லைக்குள் சேர்க்கவே கூடாது. ஸ்விம்ஸ், ருயா ஆஸ்பத்திரிகள் இரண்டும் அலிபிரிச் சாலையில் இருக்கின்றன, நடுவூரைத் தொடாமல் அங்கே போக வழி உண்டு. பிரசவ வலியோடு ஒரு பெண்ணை வாடகைக் காரில் அழைத்துப் போகிறவன் ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. இதை யாரும் என்னிடம் விவாதிக்க வேண்டாம்.

பூ வேன் தம்பி, உங்களிடம் நேராகக் கேட்கிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் வரும் சரக்கு வண்டிக்குக் கட்டணம் இல்லை, இறக்குவதற்குத் தனி இடம், அங்கே காரை நிறுத்தினால் அபராதம். இப்படி வந்தால்?

திருத்தணிப் பூ வேன்:

இறக்க இடம் கிடைத்தாலே பாதி வெற்றி அண்ணா. இப்போது பூ மார்க்கெட் வாசலில் யாரோ ஒருவரின் கார் நின்றுகொண்டிருக்கும். அவர் வரும்வரை கூடையைத் தலையில் வைத்து இரண்டு தெரு சுமக்கிறோம். ஏழு மணி என்பதை எட்டாக்கிக் கொடுங்கள், முகூர்த்த நாளில் சரக்கு இரண்டு நடை வரும். அதோடு நகரி, திருத்தணி பஸ் இரவிலும் ஓட வேண்டும், என் கடைப் பையன்கள் வீடு திரும்ப. இவை முதலில் நடந்து, அதற்குப் பிறகு கட்டணம் வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். கட்டணம் முதலில் வந்தால் மறியலில் முதல் ஆளாக உட்காருவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நகரித் தறிக்காரர்:

அந்த மறியலில் உங்கள் பக்கத்தில் நானும் உட்காருவேன் தம்பி.

வரும் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கப் போகிறேன். அதில் கட்டணம் பற்றி ஒரு வரியும் இருக்காது. பஸ்ஸும் ரயிலும் மட்டும்தான் கேட்கப் போகிறேன். வக்கீல் ஐயா, இரு மாநில ஒப்பந்தம் பற்றிய பத்தியை நீங்கள் எழுதித் தாருங்கள். மற்றவர்கள் உங்கள் ஊருக்கு எந்த நேரத்தில் வண்டி இல்லாமல் தவிக்கிறீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். பொதுவாக "அதிக பஸ் வேண்டும்" என்று எழுதினால் மனுக் கட்டோடு கட்டாக வைத்துவிடுவார்கள், மணி நேரம் போட்டுக் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

புத்தூர் ஆசிரியை:

புத்தூருக்கு இரவு 8.45க்கு ஒன்று, 9.30க்கு ஒன்று. இரண்டும் பல்லெவெலுகு வண்டியாக இருக்க வேண்டும், அப்போதுதான் பெண்களுக்கு டிக்கெட் செலவு இருக்காது. கடைசி வண்டி ஊருக்குள் பஸ் நிலையம் வரை வர வேண்டும் என்று தனியாக எழுதுங்கள். நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போனால் அந்த நேரத்தில் ஆட்டோவும் கிடைப்பதில்லை.

ரேணிகுண்டா சீசன் டிக்கெட்:

திருப்பதியிலிருந்து மாலை 6.30க்கும் 8 மணிக்கும் இடையில் திருத்தணி வரை ஒரு ரயில். ரயில்வேக்குத் தனி மனு எழுத வேண்டும், ஆட்சியரிடம் கொடுத்தால் சேராது. அதை நான் எழுதுகிறேன், ஏகாம்பரகுப்பத்தில் கையெழுத்து வாங்க டிரைவர் ஐயா உதவ வேண்டும்.

ஏகாம்பரகுப்பம் பழைய டிரைவர்:

ஞாயிறு காலை ரயில் நிலையத்திலேயே இருக்கிறேன். காகிதத்தைக் கொண்டு வாருங்கள்.